அவன் வேணும்னு செய்யவில்லை



இம்முறை பாடத்தில் டூரெட் என்னும் ஒரு நிலையைப் பற்றிப் பார்ப்போம். பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிற, கழுத்தை வெட்டுகிற, சும்மா இருக்கையில் திடீரென்று சத்தம் போடுகிற ஒரு பிள்ளையை நாம் எங்காவது கண்டிருப்போம்.

நாம் முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் கூட்டத்தில் நாம் பேசிக்கொண்டிருந்தபோது நாய் குரைப்பது போலச் சத்தம் போட்டான். குடித்துவிட்டு வந்து கேலி பண்ணுகிறான் என்று நினைத்து, எல்லோருக்கும் முன்னால் வெளியே போகச் சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவன் அம்மா கொழுந்துக் கூடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "ஐயா, அவன் வேணும்னு செய்யலிங்க. ஏழு வயசிலேருந்து இப்படித்தான். முனி அடிச்சிருக்குன்னு மந்திரிச்சோம், கயிறு கட்டினோம், அடிச்சும் பார்த்தோம். நிக்கலிங்க" என்றார். நமக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இது என்ன?

1885ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஜில் டி லா டூரெட் என்ற பிரான்ஸ் வைத்தியர் இப்படிப்பட்ட ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அவர் பெயரே இந்த நிலைக்கு நின்றுவிட்டது. உடம்பின் அசைவுகளை அடக்கி ஆளுகிற மூளைப் பகுதிகளின் வேலையில் ஏற்படும் வித்தியாசமே இதற்குக் காரணம். அநேகமாகப் பரம்பரையாக வருகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். தொற்றாது. பேயுமில்லை, செய்வினையுமில்லை, வளர்ப்புக் குறையுமில்லை.

பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதளவில் கண் சிமிட்டலில் தொடங்கும். பிறகு தோள், கழுத்து என்று இடம் மாறும். செருமல், உறுமல் போன்ற சத்தமும் சேர்ந்து, இப்படி ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் டூரெட் என்பார்கள். பத்து, பன்னிரண்டு வயதில் கூடுதலாக இருக்கும். பலருக்கு இருபதை நெருங்கும்போது குறையும். சிலருக்குக் குறையாமலே இருக்கும். கெட்ட வார்த்தை தானாக வாயில் வருவது சிலருக்கு மட்டுந்தான்.

இது வலிப்பு வேறு, அது வேறு. இதில் நினைவு தப்பாது. அறிவுக்கும் குறைவில்லை.

"அடக்கினால் என்ன?" என்று கேட்பீர்கள். தும்மலைக் கொஞ்ச நேரம் அடக்கலாம். பிறகு? அதுபோலத்தான். களைப்பிலும் பயத்திலும் கூடும். "செய்யாதே" என்று அதட்டினால் இன்னும் கூடும். கையும் மனமும் ஒரு வேலையில் ஊன்றிவிட்டால் பலருக்குக் குறையும்.

ஒரு ஊர்க் கதை

ஸ்கொட்லாந்தில் கலாஷீல்ஸ் என்ற சிறிய நெசவாலை நகரம் இருக்கிறது. அங்கே ஜோன் டேவிட்சன் என்ற பையனுக்கு டூரெட் மிகக் கடுமையாக இருந்தது. வாயில் கெட்ட வார்த்தையும் வரும். 1989இல் அவரைப் பற்றி பி.பி.சி. ஒரு படம் காட்டியது. 'ஜோன் பைத்தியமில்லை' என்பது அதன் பெயரின் பொருள். பிறகு அவர் தம் ஊர்ச் சமூக நிலையத்தில் பராமரிப்பாளராக வேலை பார்த்தார். மற்றவர்களுக்கு இந்த நிலையை விளக்கி, இப்படியான குடும்பங்களுக்கு உதவியதற்காக 2019இல் பிரித்தானிய அரச விருது பெற்றார். 2025இல் அவர் கதை சினிமாவாகவும் வந்தது. வெட்டும் சத்தமும் நின்றபிறகா இதெல்லாம் நடந்தது? இல்லை. நிற்காமலே நடந்தது.

நம் பையனின் கதை

நம் பையனுக்கு டவுனில் தையல் பழக ஆசை. அம்மாவோ விடவில்லை. "பஸ்ஸில யாராவது அடிச்சிட்டா?" என்றார். அந்தப் பயத்தை நாம் தப்பென்று சொல்ல மாட்டோம்.

முதலில் டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்பினோம். வெட்டு வரப்போகும் உணர்வைக் கண்டுபிடித்து, அந்நேரம் வேறொரு அசைவைச் செய்யப் பழகும் பயிற்சி உண்டு என்றும், தேவையானால் மருந்தும் உண்டு என்றும் அங்கே சொன்னார்கள். இவை குறைக்கும், அடியோடு மாற்றாது.

பிறகு ஒரு சின்ன அட்டையில், "எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. சத்தம் தானாக வரும். யாரையும் ஏசவில்லை" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தோம். முதல் வாரம் அப்பா இரண்டு சீட் பின்னால் இருந்து போனார். அடுத்த வாரம் தனியாகப் போனான். ஒருநாள் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். நடந்து வீடு வந்தான். "நாளைக்குப் போக வேணாம்" என்றார் அம்மா. "போறேம்மா" என்றான். போனான்.

தையல் முதலாளி கத்தரிக்கோலைத் தள்ளிவைத்து, நேர்த்தையலில் தொடங்க வைத்தார். மெஷினில் உட்கார்ந்தால் அவனுக்கு வெட்டு குறைந்தது. இன்று டவுனிலேயே அறை எடுத்துத் தங்கி உழைக்கிறான். சத்தம் இன்னும் வருகிறது. அம்மாவுக்குக் கவலையும் இன்னும் இருக்கிறது. அவன் ஊருக்கு வந்திருந்த ஒரு கூட்டத்தில், அன்று வெளியே அனுப்பியதற்கு எல்லோர் முன்னிலையிலும் நாம் மன்னிப்புக் கேட்டோம்.

நாம் செய்யக்கூடியவை

1. வெட்டையும் சத்தத்தையும் கண்டும் காணாததுபோல் இருப்போம். பேச்சைத் தொடர்வோம்.
2. பட்டப் பெயர் வைக்க வேண்டாம். நம் பிள்ளைகளையும் வைக்க விட வேண்டாம்.
3. அடிப்பதையும் சூடு போடுவதையும் நிறுத்துவோம். கோயிலில் கும்பிடுவோம், கிளினிக்குக்கும் போவோம்.
4. பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்போம்.
5. கத்தி, மெஷின் வேலை என்றால் முதலில் வைத்தியரைக் கேட்போம்.
6. வளர்ந்த பிள்ளை "தனியாகப் போறேன்" என்றால், முதலில் கூடப் போவோம், பிறகு தூர நிற்போம், கடைசியில் விடுவோம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்: நம் லயத்தில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா? அந்தப் பிள்ளைக்கு என்ன ஆசை என்று யாராவது ஒருநாளாவது கேட்டோமா?