எண்ணைப் பார்த்து ஏறுங்கள்: தென் பிரான்ஸில் சத்தமில்லாத சைக்கிள் பயணம்

பிரான்ஸின் தெற்கே, அவினியோன் நகரத்துக்குக் கிழக்கில், லூபெரோன் என்றொரு மலைத்தொடர் படுத்திருக்கிறது. பெரிய மலை அல்ல. அதன் உச்சியே 1,125 மீட்டர்தான். மலையின் இரு பக்கமும் திராட்சைத் தோட்டம், செர்ரி மரங்கள், லாவெண்டர் வயல், குன்றின் மேல் கல்வீடுகள். 1977 முதல் இது வட்டார இயற்கைப் பூங்கா. சைக்கிளில் சுற்ற இதைவிடத் தோதான இடம் அந்தப் பக்கத்தில் குறைவு.

ஒரு சிக்கல் உண்டு. 1989இல் பீட்டர் மெயில் என்ற ஆங்கிலேயர் இங்கே வாழ்ந்த ஓராண்டைப் புத்தகமாக எழுதினார். அது உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது. பின்னாலேயே கார்களும் வந்தன. இன்று கோடையில் தவறான சாலையில் ஏறினால், சுற்றுலாப் பேருந்தின் புகையைத்தான் சுவாசிப்பீர்கள். அடுத்த பள்ளத்தாக்கில் அதே நேரத்தில் ஒரு சாலை காலியாகக் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க அதிர்ஷ்டம் தேவையில்லை. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

சாலை எண் சொல்லும் சேதி

பிரான்ஸில் சாலைகளுக்கு எழுத்தும் எண்ணும் உண்டு. 'ஆ' (A) விரைவுச்சாலை; அதில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. 'என்' (N) தேசியச் சாலை, தவிர்த்துவிடுங்கள். 'டே' (D) மாவட்டச் சாலை. உங்கள் பயணம் பெரும்பாலும் இதில்தான். ஓரத்தில் நிற்கும் மைல்கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் அது 'டே' சாலை.

'டே' சாலைகளிலும் பெரியது சிறியது உண்டு. பொதுவாக ஓரிலக்க எண் என்றால் போக்குவரத்து அதிகம், மூன்றிலக்கம் என்றால் அமைதி. ஆனால் 9இல் தொடங்கும் மூன்றிலக்கம் வந்தால் உஷாராகுங்கள். அவற்றில் பல, ஒரு காலத்தில் தேசியச் சாலைகளாக இருந்து மாவட்டத்தின் கைக்கு வந்தவை. பெயர்தான் மாறியது, லாரிகள் மாறவில்லை. லூபெரோனின் வடக்குப் பள்ளத்தாக்கில் ஓடும் டே 900 அப்படிப்பட்டது. அதன் பழைய பெயர் என் 100. தெற்குப் பக்கத்தில் டே 973உம் அதே ரகம். மலையைக் குறுக்கே வெட்டி லூர்மரேனுக்குப் போகும் டே 943 பார்க்க அழகான பள்ளத்தாக்கு. ஆனால் மலையைக் கடக்க நினைக்கும் கார்களெல்லாம் அதில்தான் வரும். வளைவுகள் அதிகம், ஓரம் குறைவு.

காகித வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மிஷ்லான் வரைபடத்தில் சிவப்புக் கோடு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சிறியது. வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள். கோட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் ஏற்றம்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் இறங்கித் தள்ளத் தயாராகுங்கள். அம்பு காட்டும் திசை ஏறும் திசை.

இன்னொரு சூட்சுமம்: முட்டுச்சாலை. வேறெங்கும் போகாத சாலையில் அங்கே வசிப்பவர்கள் மட்டுமே வருவார்கள். ஊருக்குள் 'தூத் திரெக்சியோன்' என்று, அதாவது 'எல்லாத் திசைகளுக்கும்' என்று, பலகை இருந்தால் நம்பிப் போய்விடாதீர்கள். அது கார்களைப் புறவழிச்சாலைக்குத் தள்ளும் பலகை. நீங்கள் ஊர் நடுவுக்குப் போங்கள்.

எப்போது போவது

ஏப்ரல் முதல் ஜூன் நடு வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர். ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூத்திருக்கும், மே கடைசியில் பழம் கிடைக்கும், செப்டம்பரில் திராட்சை அறுவடை. லாவெண்டர் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம். வெயிலுக்கும் கூட்டத்துக்கும் தயாராக வாருங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் மலைக்காடுகளுக்குள் நுழையத் தடை விதிப்பதுண்டு. காலையில் விடுதியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நாளில் மிக அமைதியான நேரம் பகல் 12 முதல் 2 வரை. ஊரே சாப்பாட்டு மேசையில் இருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அந்த இரண்டு மணி நேரம் சாலை உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமையும் நல்லது: சனி இரவு 10 மணியிலிருந்து ஞாயிறு இரவு 10 வரை 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகள் பொதுவாக ஓடக் கூடாது.

காற்றைக் கணக்கில் எடுங்கள். மிஸ்திரால் என்னும் வடமேற்குக் காற்று ரோன் பள்ளத்தாக்கில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டும், கிளம்பினால் நாட்கணக்கில் அடிக்கும். வானம் துடைத்த மாதிரி நீலமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதுதான் அதன் அடையாளம். மேற்கிலிருந்து கிழக்காகப் போகும்படி திட்டமிட்டால் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்.

போய்ச் சேர்வது

பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அவினியோனுக்கு மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அந்த ரயில் நிற்பது ஊருக்கு வெளியே உள்ள நிலையத்தில். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் நகர நிலையம், பிறகு கவையோன். வட்டார ரயில்களில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம். அதிவேக ரயிலில் கழற்றி உறையில் போட வேண்டும், அல்லது இடம் முன்பதிவு செய்ய வேண்டும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் கவையோனிலோ ஆப்டிலோ வாடகைக்கு எடுங்கள். ஏற்றம் பழக்கமில்லாதவர்கள் மின்சார சைக்கிள் கேளுங்கள். அங்கே அதை யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை.

'அகேய் வேலோ' என்ற முத்திரை உள்ள விடுதிகளைத் தேடுங்கள். சைக்கிள் தடத்திலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் இருக்கும்.

நாலு நாள் திட்டம்

*முதல் நாள், கவையோனிலிருந்து ஆப்ட்:* முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரோபியோனைத் தாண்டியதும் பழைய ரயில் பாதையைத் தார்போட்டுச் செய்த தடம் தொடங்கும். ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு வாங்காது. காருக்கு அனுமதி இல்லை. சாலை குறுக்கிடும் இடங்களில் மட்டும் இறங்கிப் பார்த்துக் கடந்து செல்லுங்கள். ஞாயிறு என்றால் கூஸ்தலேயில் விவசாயிகள் சந்தை உண்டு.

ஆப்டுக்கு முன்னால் போன் ஜூலியேன் பாலம் வரும். அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். மூன்று வளைவுகள். வளைவுகளுக்கு நடுவில் தூண்களிலும் திறப்பு விட்டிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் அதன் வழியாகவும் பாயும், பாலத்தை முட்டித் தள்ளாது. கி.மு. 3 வாக்கில் ரோமானியர் கட்டியது. ஆச்சரியம் பழமையில் இல்லை: 2005 வரை இதன் மேல் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் புதுப் பாலம் கட்டிய பிறகுதான் இதற்கு ஓய்வு கிடைத்தது. இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்.

*இரண்டாம் நாள், ரூஸியோன் போய் ஆப்டுக்குத் திரும்புதல்:* அதே பாலம் வரை திரும்பி வந்து, டே 149 வழியாக வடக்கே ஏறுங்கள். டே 900ஐக் கடக்கும் இடத்தில் மட்டும் பொறுமை தேவை. ரூஸியோன் காவி மண்ணின் ஊர். குன்றும் வீடும் ஒரே சிவப்பு. காவிப் பாறைகளுக்கு நடுவே நடைபாதை உண்டு, கட்டணம் கட்ட வேண்டும். வெள்ளைச் செருப்போடு போகாதீர்கள். கோர்ட் ஊரையும் பார்க்க ஆசை என்றால் காலை ஒன்பதுக்கு முன்பே போய்விடுங்கள். பிறகு அது பேருந்துகளின் ஊர்.

*மூன்றாம் நாள், கிளபரேட் மேட்டுநிலம்:* நாலு நாளில் சிறந்த நாள் இதுதான். ஆப்டிலிருந்து செய்ஞ்ஞோன் வரை நல்ல ஏற்றம். மேலே போய்விட்டால் டே 232. லாவெண்டர் வயல்களுக்கு நடுவே சுண்ணாம்பில்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய பழைய குடிசைகள். வடக்கே 1,900 மீட்டரைத் தாண்டிய வான்தூ மலை வெள்ளைத் தலையோடு நிற்கும். அது பனி அல்ல, மொட்டைச் சுண்ணாம்புக்கல். திரும்பும்போது பியூக்ஸ் பாறைகளைப் பார்த்துக்கொண்டு டே 113இல் ஆப்டுக்கு இறங்கலாம். கால் இன்னும் கேட்டால், சிவெர்க் கிராமத்துக்கு ஒரு முட்டுச்சாலை ஏறுகிறது. சாலை அங்கேயே முடிகிறது, அதனால் கார்களும் அநேகமாக இல்லை. சங்கிலியின் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

*நாலாம் நாள், மலையூர்கள் வழியே திரும்புதல்:* போனியூ, லாகோஸ்ட், மெனெர்ப், ஒப்பேட், கடைசியாகக் கவையோன். சைக்கிள் படம் போட்ட வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றினால் சின்னச் சாலைகளிலேயே கொண்டுபோய்விடும். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். மிஸ்திரால் அடிக்கும் நாளில் இந்தப் பகுதியைத் தொடாதீர்கள், முழுக்க எதிர்காற்று.

சாப்பாடும் தண்ணீரும்

கிராமத்துக் கடைகள் பகல் 12:30 வாக்கில் மூடினால் மூன்று மணிக்குக்கூடத் திறக்காது. ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல இடங்களில் கதவு சாத்தியே இருக்கும். ஆகவே பதினொரு மணிக்கே மதியத்துக்கு வேண்டியதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரொட்டிக் கடையில் முதலில் 'போன்ழூர்' சொல்லுங்கள். சொல்லாமல் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ஆலிவ் போட்ட 'ஃபூகாஸ்' ரொட்டி கேட்கலாம். அதே ரொட்டியில் 'லார்தோன்' என்றால் பன்றிக்கறி. ஆப்டின் சனிக்கிழமைச் சந்தையும், சர்க்கரைப்பாகில் ஊறவைத்த பழங்களும் பெயர்பெற்றவை.

ஊர் நீரூற்றுகளில் பாட்டிலை நிரப்பலாம். 'நோன் பொதாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். ஊற்று கண்ணில் படாவிட்டால் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். நெடுந்தூர சைக்கிள்காரர்களின் பழைய வித்தை இது. அங்கேயும் பலகையைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

சட்டமும் எச்சரிக்கையும்

* வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நெரிசலில் இதை மறக்க மாட்டீர்கள். ஆளில்லாத சாலையில், படம் எடுக்க நிறுத்திவிட்டு மறுபடி ஏறும் கணத்தில்தான் பழக்கம் உங்களை இடப்பக்கம் இழுக்கும். 
* ஊருக்குள் பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கே முன்னுரிமை.
* 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். மற்றவர்களும் போடுங்கள்.
* இரவிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம், விளக்கும் வேண்டும்.
* காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் 135 யூரோ அபராதம்.
* ஊருக்கு வெளியே கார்கள் உங்களை 1.5 மீட்டர் தள்ளித்தான் முந்த வேண்டும். சின்னச் சாலையிலும் அவற்றின் உச்ச வேகம் பொதுவாக 80 கி.மீ.; வளைவுகளில் ஓரமாகப் போங்கள்.
* செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக்காலம். காட்டோரம் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள்.
* அவசரத்துக்கு 112.

ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் அடித்துக் கணக்குக் காட்ட விரும்புபவருக்கு லூபெரோன் சரிப்படாது. நாளுக்கு 35, 40 கி.மீ. போதும் என்பவருக்கு இது பொன்னான இடம். விடுதியை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சின்ன ஊர்களில் அறைகள் குறைவு.