பட்டில் ஆட்டு ரோமம் உண்டா என்று ஏன் கேட்டார்கள்?

கேள்வி

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்கிறவர்கள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று தறி பார்க்க வந்தது. புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதில் ஆட்டு ரோமமும் லினனும் சேர்ந்திருக்கிறதா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். சாப்பிட இலை போட்டோம். வாழைப்பழமும் இளநீரும் போதும் என்றுவிட்டார்கள். நாலரை மணிக்கே பரபரப்பாகி, பொழுது சாய்வதற்குள் அறைக்குப் போயாக வேண்டும் என்று கிளம்பினார்கள். யூதர்கள் என்று கார் ஓட்டி வந்த தம்பி சொன்னார். இது கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவா? அவர்களுக்குச் சாமி யார், வேதம் எது, கோயில் எங்கே? நாங்கள் ஏதும் மனம் கோணும்படி நடந்துகொண்டோமோ என்று என் மனைவிக்கு இன்னமும் உறுத்தலாக இருக்கிறது.

- ஒரு நெசவாளர், ஏனாத்தூர்

பதில்

முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள்: உங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. துணி, சாப்பாடு, பொழுது என்று அவர்கள் கவனமாக இருந்த மூன்றுமே அவர்களுடைய மதக் கட்டளைகள்.

துணியிலிருந்து தொடங்குவோம். அவர்களுடைய மூல வேதம் தோரா, ஐந்து நூல்கள் கொண்டது. ஆட்டு ரோமத்தையும் லினனையும் ஒரே உடையில் கலக்கக் கூடாது என்று அது சொல்கிறது. இந்தக் கலப்புக்குச் 'சாத்னேஸ்' என்று பெயர். தோரா காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கிறது, அதனால் கடைப்பிடிக்கிறார்கள். கோட்டின் உள்துணியை உருப்பெருக்கியில் வைத்து இழை இழையாகச் சோதித்துச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பட்டுக்கும் பருத்திக்கும் தடை கிடையாது. உங்கள் புடவையில் பாவு பட்டு, ஊடை பட்டு. அசல் ஜரிகையில் வெள்ளிக்கு உள்ளே ஓடுவதும் பட்டு இழைதான். அவர்கள் தாராளமாக வாங்கிப் போகலாம்.

சாப்பாட்டில் எந்தப் பிராணி ஆகும், எப்படி அறுப்பது என்றெல்லாம் விதிகள் உண்டு. இறைச்சியையும் பாலையும் சேர்க்க மாட்டார்கள், பாத்திரங்கள்கூடத் தனித்தனி. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தில் என்ன சமைத்தார்கள் என்று தெரியாதபோது, உரிக்காத பழமும் கண்ணெதிரே சீவிய இளநீரும்தான் கவலையில்லாத உணவு. இலையை மறுத்தது உங்களை மறுத்ததாகாது.

இனி வெள்ளிக்கிழமை. இதை உங்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இரவு விண்மீன் தெரியும்வரை 'ஷபாத்', ஓய்வு நாள். அன்று வேலை செய்யக் கூடாது என்று தோரா சொல்கிறதே, வேலை என்றால் எது? வாய்வழி வந்த சட்டங்கள் கி.பி. 200 வாக்கில் மிஷ்னா என்ற நூலாகத் தொகுக்கப்பட்டன; அதில் 39 வேலைகளின் பட்டியல் இருக்கிறது. முன்னோர்கள் பாலைவனத்தில் இறைவனுக்குக் கூடார ஆலயம் அமைத்தபோது தேவைப்பட்ட வேலைகள் அவை என்பது மரபு. பட்டியலைப் படித்தால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். ரோமம் கத்தரிப்பது, வெளுப்பது, சிக்கெடுப்பது, சாயம் தோய்ப்பது, நூற்பது, பாவு ஓட்டுவது, விழுது கட்டுவது, நெய்வது, இழை பிரிப்பது, முடிச்சுப் போடுவது, முடிச்சை அவிழ்ப்பது, தைப்பது, தைப்பதற்காகக் கிழிப்பது: 39-ல் 13 துணி வேலை! எவ்வளவு நெய்தால் நெசவு என்றுகூட வரையறுத்திருக்கிறார்கள்: இரண்டு இழை. இத்தனை நூற்றாண்டுகளாக இதை மனப்பாடமாகப் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரு விழுதைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் அதைத் தொட்டே பார்க்கலாம்.

சாமி யார் என்று கேட்டீர்கள். ஒரே இறைவன், உருவம் கிடையாது, சிலை வைக்கக் கூடாது. ஆபிரகாமோடு இறைவன் உடன்படிக்கை செய்தார், சீனாய் மலையில் மோசே வழியாகத் தோராவைத் தந்தார் என்பது அடிப்படை நம்பிக்கை. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்ற பேரறிஞர் நம்பிக்கைகளை 13 கொள்கைகளாகத் தொகுத்தார். (அவரைப் படிக்க வைத்த தம்பி, வாணிபத்துக்குப் போனபோது நம் இந்துமகா சமுத்திரத்தில்தான் மூழ்கிப் போனார்.) ஆனாலும் இந்த மதத்தில் என்ன நம்புகிறாய் என்பதைவிட என்ன செய்கிறாய் என்பதற்கே கனம் அதிகம் என்பது என் கருத்து. கட்டளைகள் மொத்தம் 613 என்பார்கள். அதையும் நூலில்தான் முடிந்து வைத்திருக்கிறார்கள். தொழுகைச் சால்வையின் நான்கு முனைகளிலும் தொங்கும் குஞ்சத்துக்கு 'சிசித்' என்று பெயர். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. அந்தச் சொல்லின் கூட்டுத்தொகை 600. ஒரு குஞ்சத்தில் 8 இழை, 5 முடிச்சு. கூட்டிப் பாருங்கள்.

கிறிஸ்தவத்தில் பிரிவு அல்ல, அதற்கு மூத்தது. இயேசு யூதராகப் பிறந்தவர். அவரை மெசியா என்று யூதர்கள் ஏற்கவில்லை. பைபிளின் பழைய ஏற்பாடுதான் அவர்களுடைய தனாக், 24 நூல்கள். மிஷ்னாவை வைத்து நடந்த விவாதங்களின் தொகுப்பு தால்முத். குறளுக்குப் பரிமேலழகர் உரையை வைத்துப் படித்தவருக்கு அதன் பக்க அமைப்பு பிடிபடும். நடுவில் மூலம், ஒரு பக்கம் ராஷி என்ற உரையாசிரியரின் உரை, மறுபக்கம் அந்த உரையோடு வாதாடும் பின்னவர்களின் குறிப்புகள். தோற்ற கட்சியின் வாதத்தையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் உள்ள மதிப்புக்கு முதல் காரணம் இதுதான்.

தெருவுக்கொரு கோபுரம் பார்க்கும் உங்களுக்கு இது வியப்பாக இருக்கும்: அவர்களுக்குக் கோயில் ஒன்றே ஒன்று, ஜெருசலேமில். அதை ரோமானியர்கள் கி.பி. 70-ல் இடித்தார்கள். அதோடு பலியும் நின்றது. இப்போதுள்ள ஜெபாலயம் தொழவும் படிக்கவும் கூடுகிற இடம். பத்துப் பேர் சேர்ந்தால் முழுத் தொழுகை நடத்தலாம். அங்கே பேழையில் இருப்பது தோலில் கையால் எழுதிய தோராச் சுருள். ஓர் எழுத்து விடுபட்டாலும் திருத்தும்வரை அதை வாசிக்கக் கூடாது.

பிரிவுகளைப் பொறுத்தவரை, விதிகளை அப்படியே காப்பவர்கள் ஆர்த்தடாக்ஸ். உங்கள் விருந்தாளிகள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கிளைத்த சீர்திருத்தப் பிரிவு காலத்துக்கேற்ப மாறலாம் என்கிறது. கன்சர்வேட்டிவ் பிரிவு இடையில் நிற்கிறது. பின்னிரண்டிலும் பெண்களும் ரபி, அதாவது மத குரு, ஆகிறார்கள். அஷ்கெனாசி, செபார்டி என்பவை பூர்வீகத்தால் வந்த பெயர்கள்.

இவர்கள் நமக்குப் புதியவர்களும் அல்லர். கி.பி. 1000 வாக்கில் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குச் செப்பேட்டில் 72 உரிமைகள் தந்தார். வட்டெழுத்தில் உள்ள அந்த ஏட்டில் பகல் விளக்கு, குடை இவற்றோடு பாவாடையும், அதாவது நடக்கும் வழியில் துணி விரிக்கும் உரிமையும், வருகிறது. கொச்சி மட்டாஞ்சேரி ஜெபாலயம் 1568-ல் கட்டியது. அந்த ஊர் யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது 12 ஆல்டர்மேன்களில் 3 பேர் யூதர்கள். பவழத்தைக் கொண்டுவந்து வைரத்தை வாங்கிப் போன அந்த வணிகத்தை நினைவூட்டிக்கொண்டு பவழக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள் வெளியுலக யூதர்களோடு தொடர்பற்றுப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள். எபிரேயமே மறந்துபோன நிலையிலும் சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர்.

அந்தத் தம்பதி மறுபடி வர விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். முந்தியில் மயில் போட்ட புடவை ஒன்றை எடுத்து விரித்து, "துக்கி" என்று சொல்லுங்கள். சாலமோன் அரசருக்குக் கப்பலில் வந்த பொருள்களைத் தனாக் வரிசைப்படுத்தும் இடத்தில் மயிலுக்கு வரும் சொல் அது. நம் 'தோகை'யிலிருந்து போனது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. மயிலைக் காட்டி ஏன் கிளி என்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். உட்கார வைத்து இளநீர் சீவிக் கொடுத்து, தோகையின் கதையைச் சொல்லுங்கள்.