சூறைக்காற்றும் வீட்டுச் சாளரமும்

மாணவர்களே! சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு மிக அருகில் இருப்பதனால் பெரும்புயல் இங்கு வருவது அரிது. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறிய வாமெய்ப் புயல் அத்தகைய அரிய நிகழ்ச்சியாகும். ஆயினும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலை ஒட்டி, சுமத்ராத் தீவின் பக்கமிருந்து மேகங்கள் வரிசையாகத் திரண்டு வந்து இடியும் மழையும் சூறைக்காற்றுமாகத் தாக்கும். 1984 ஏப்ரல் 25 அன்று காற்றின் வேகம் மணிக்கு 144.4 கிலோமீட்டர் எனப் பதிவாயிற்று.

லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பெற்ற டான் டெங் நியா மாளிகையைக் கண்டிருப்பீர்கள். அதன் மரச் சாளரக் கதவுகளில் சட்டங்கள் சாய்வாக அமைந்துள்ளன. சாத்தினாலும் காற்று நுழையும். மழைநீரோ வெளியே வழிந்துவிடும்.

அடுக்குமாடி வீட்டில் நிலைமை வேறு. வெளிப்புறம் திறக்கும் சாளரத்தைக் காற்று பாய்மரத்தைப் போலப் பற்றி இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குவன சிறு தறையாணிகளே! அலுமினியத் தறையாணிகள் நாளடைவில் அரிபட்டு வலுவிழப்பதனால், அவற்றை நீக்கித் துருப்பிடிக்கா எஃகுத் தறையாணிகள் பொருத்துதல் 2004 முதல் சட்டப்படி கட்டாயமாயிற்று. பத்தாம் மாடியிலிருந்து விழும் கண்ணாடி கீழே செல்வோரின் உயிரைப் பறிக்கும் அன்றோ?

நகரும் சாளரம் காற்றில் விரிவதில்லை; எனினும் அதன் தடுப்புக்கட்டைகள் தேயாதிருத்தல் வேண்டும். வாங்குவோர் பலர் கண்ணாடியின் நிறத்தையே ஆராய்கின்றனர். ஆணியைப் பற்றிக் கேட்பாரில்லை. பெற்றோர்கள் அனுமதி பெற்ற ஒப்பந்தக்காரரிடமே இவ்வேலையை ஒப்படைத்தல் வேண்டும்.