அலையாத்திக் காடு கற்றுத்தரும் சூழலியல்

உயிரினங்கள் ஒன்றோடொன்றும், தாம் வாழும் மண், நீர், காற்று, வெயிலோடும் கொண்டுள்ள உறவைப் படிப்பதே சூழலியல். 1866-இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இத்துறைக்குப் பெயர் சூட்டினார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் இப்பாடத்தை, திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை வைத்து நாம் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரியின் கிளையாறுகள் கடலைச் சேரும் இடத்தில் இக்காடு உள்ளது. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் சேற்று நிலம் அது. சேற்றுக்குள் காற்றோட்டம் இல்லை. எனவே அலையாத்தி மரம் பென்சில் போன்ற மூச்சு வேர்களைத் தரைக்கு மேலே நீட்டிச் சுவாசிக்கிறது. உடலில் சேரும் உப்பை இலைகள் வழியாக வெளியேற்றுகிறது. சூழலுக்கு ஏற்ப உயிர் தன்னை அமைத்துக்கொள்வதற்கு இது நல்ல சான்று.

மரமும் தன் சூழலுக்குக் கொடுக்கிறது. உதிர்ந்த இலைகளை பாக்டீரியாவும் பூஞ்சையும் மக்கச் செய்கின்றன. அந்தத் துகள்களை நண்டு, இறால், சிறு மீன்கள் உண்கின்றன. அவற்றைத் தேடிப் பெரிய மீன்களும் கொக்கு, நாரைகளும் வருகின்றன. வேர்களின் இடுக்குகளில் மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. கடைத்தெருவில் நாம் வாங்கும் இறாலுக்கும் அங்கே உதிரும் இலைக்கும் தொடர்பு உண்டு.

இந்த உறவு அறுந்தால் என்ன ஆகும்? ஆங்கிலேயர் காலத்தில் இக்காடு பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டது. வெட்டிய பல இடங்களில் மரம் மீண்டும் முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி, தரை தாழ்ந்து தொட்டி போல் ஆனது. கடல் ஏறும்போது உள்ளே வந்த நீர், இறங்கும்போது திரும்ப வழியின்றித் தேங்கியது. நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சியது. அந்தக் கடும் உப்பில் விதைகள் பிழைக்கவில்லை. மரத்தை எடுத்ததால் மண்ணின் தன்மையே மாறிவிட்டது.

பின்னாளில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களோடு சேர்ந்து, மீன் முள்ளைப் போலக் கிளைவிடும் வாய்க்கால்களை வெட்டின. கடல்நீர் தடையின்றி வந்து போனதால் உப்பு குறைந்தது, கன்றுகள் பிழைத்தன. வெறுமனே மரம் நட்டால் போதாது, அது வாழும் சூழலையும் சீராக்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

நம் தெருச் சாக்கடையில் விழும் பிளாஸ்டிக் பையும் கழிவு எண்ணெயும் வாய்க்கால், ஆறு வழியாகக் கடல்வரை போகக்கூடியவை. குப்பையைத் தொட்டியில் போடுவது தெருச் சுத்தத்துக்காக மட்டுமல்ல. மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பு எரிவதற்காகவும்தான்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்:

1. மூச்சு வேர்களின் மேல் குப்பை படிந்தால் மரத்துக்கு என்ன நேரும்?
2. ஆற்றில் நன்னீர் வராவிட்டால் காட்டில் எது கூடும், எவை குறையும்?