சீட்டுக்காசு பிறகு, கவுன்சில் வரி முதலில்

கேள்வி: அக்கா, நாங்கள் ஈஸ்ட்ஹாமில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்தவர். முதுகு வருத்தத்தால் போன மாரியோடு வேலை நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் பகுதிநேரம். யூனிவர்சல் கிரெடிட் வருகிறது, பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். கவுன்சில் டாக்ஸ் மூன்று மாதம் கட்டவில்லை. இப்போது கோர்ட் சம்மன் வந்திருக்கிறது. கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் கவுன்சில் காசு கொடுக்கிறதாம் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். எங்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது. அடுத்த வருடம் சிட்டிசன்ஷிப்புக்குப் போட இருக்கிறோம். இந்தக் காசை வாங்கினால் அதற்கு இடைஞ்சல் வருமா? கணவரின் தம்பியும் வேலை விசாவில் எங்களோடு இருக்கிறார். மாதம் 300 பவுண் சீட்டு வேறு கட்டுகிறோம். அதை நடுவில் விட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் கிழக்கு லண்டன் வாசகி)

பதில்: தங்கச்சி, சம்மனை எடுத்து அதில் போட்டிருக்கும் தேதியை முதலில் பாருங்கள். கோயிலில் சொன்ன காசைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்தத் தேதிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நான் தேடிக் காணாத ஒரு பெயர் ‘கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன்’. சில கவுன்சில்களில் அதையே ‘கவுன்சில் டாக்ஸ் சப்போர்ட்’ என்பார்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களின் வரியைக் குறைக்கும் திட்டம் இது. யூனிவர்சல் கிரெடிட் கிடைத்தால் இதுவும் தானாக வந்துவிடும் என்று நம்மவர்களில் பலர் நினைத்திருக்கிறார்கள். முந்தைய காலத்தில் வீட்டு வாடகைக்கான பெனிபிட்டையும் வரிக்கான பெனிபிட்டையும் கவுன்சிலிடமே சேர்த்துக் கேட்டதால் வந்த பழக்கம் அது. 2013 ஏப்ரலில் அரசாங்கம் பழைய கவுன்சில் டாக்ஸ் பெனிபிட்டை எடுத்துவிட்டு, வேலை செய்யும் வயதினருக்கு ஒவ்வொரு கவுன்சிலும் தன் திட்டத்தைத் தானே வகுக்கட்டும் என்று விட்டது. யூனிவர்சல் கிரெடிட் அரசாங்கத்திடமிருந்து வருவது, வரிக்குறைப்பு கவுன்சிலிடமிருந்து வருவது. தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கவில்லை என்றால், பாதிக்கு மேல் குறைந்திருக்கக்கூடிய ஒரு பில்லைத்தான் முழுதாகக் கட்ட முடியாமல் நிற்கிறீர்கள்.

இன்றைக்கே ஒன்லைனில் போடுங்கள். கணவர் வேலை இழந்த நாளிலிருந்து கணக்கிடும்படி, ஏன் அப்போதே விண்ணப்பிக்கவில்லை என்ற காரணத்தோடு கேளுங்கள். நோய், மொழிச் சிக்கல், தவறான தகவல் எதுவானாலும் உள்ளதை எழுதுங்கள். எத்தனை மாதம் பின்னோக்கித் தருவார்கள் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு இங்கிலாந்து முழுவதும் ஒரே விதிதான்: மூன்று மாதம் வரை பின்னோக்கிப் போகும், வருமானம் குறைவென்றால் வரி முழுவதுமே தள்ளுபடியாகலாம். இதை வாசிக்கும் யாருடைய அம்மா அப்பாவாவது இன்னும் முழு வரி கட்டிக்கொண்டிருந்தால் இன்றே விசாரியுங்கள்.

அடுத்தது கோர்ட். அந்த மஜிஸ்திரேட் கோர்ட்டில் பார்ப்பது இரண்டே விஷயம்: வரி உங்கள் பெயரில் இருக்கிறதா, கட்டப்பட்டதா. கஷ்டம் என்று சொல்லி அங்கே தப்ப முடியாது. அதனால் கஷ்டத்தைச் சொல்ல வேண்டிய இடம் கவுன்சிலின் வரிப் பிரிவு. தேதிக்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டு, வரிக்குறைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன், முடிவு வரும்வரை நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள், மாதம் இவ்வளவு கட்டுவேன் என்று சொல்லி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கட்ட முடிந்த தொகையை மட்டும் சொல்லுங்கள். பயத்தில் 150 பவுண் என்று ஒத்துக்கொண்டு இரண்டாம் மாதமே தவறினால், நாற்பது பவுண் என்று பேரம் பேசியிருப்பதைவிட மோசம். 1992ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவு, கடும் கஷ்டத்தில் இருப்பவரின் வரியைத் தன் விருப்பத்தின்பேரில் எவ்வளவும் குறைக்க, பூச்சியமாக்கக்கூட, கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. கவுன்சில்கள் இதை விளம்பரப்படுத்துவதில்லை. ‘ஹார்ட்ஷிப் ரிலீஃப், செக்ஷன் 13ஏ’ என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் படிவத்தைத் தேடி எடுப்பார்கள்.

கோர்ட் கட்டளை வந்துவிட்டாலும் உலகம் இடிந்துவிடாது. யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும்படி கவுன்சிலைக் கேளுங்கள். பெய்லிஃப் வந்து தன் கட்டணத்தையும் கடனோடு சேர்ப்பதைவிட அது எவ்வளவோ மேல். பெய்லிஃப் வந்தாலும் கதவைத் திறக்க வேண்டாம். வரிக் கடனுக்கு முதன்முறை வருபவர் பூட்டை உடைத்து உள்ளே வர முடியாது. இரவு 9 மணிக்குப் பின், காலை 6 மணிக்கு முன் வரவும் கூடாது. 2021 மேயிலிருந்து ‘பிரீதிங் ஸ்பேஸ்’ என்று ஒரு சட்ட ஏற்பாடும் இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடத்தில் உள்ள கடன் ஆலோசகர் பதிந்துவிட்டால், அறுபது நாளைக்கு இந்த வரிப் பாக்கி உட்படப் பெரும்பாலான கடன்களுக்கு யாரும் உங்களை நெருக்க முடியாது.

இனி கோயிலில் கேள்விப்பட்ட காசு. ஒரு காலத்தில் அவசரத்துக்கு அரசாங்கத்திடமே கிரைசிஸ் லோன் கேட்க முடிந்தது. 2013இல் அதையும் நிறுத்திப் பொறுப்பைக் கவுன்சில்களின் தலையில் கட்டினார்கள். கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில், 50 கோடி பவுண் தொகையோடு ‘ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட்’ வந்தது. ஒவ்வொரு முறையும் முடியப்போகிறது என்று பயமுறுத்திவிட்டுக் கடைசி நேரத்தில் நீட்டினார்கள். 2026 ஏப்ரலிலிருந்து அதையும் வாடகைக்கான விசேட உதவியையும் ஒன்றாக்கி ‘கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட்’ என்று மூன்று வருடத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு ஆண்டுக்கு 84 கோடியே 20 லட்சம் பவுண். கேட்கப் பெரிதாக இருக்கும். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கவுன்சில்களுக்குப் பிரியும்போது அப்படி இராது. சமையல் எரிவாயு, மின்சார மீட்டருக்கான வவுச்சர், சாப்பாட்டுச் சாமானுக்கு வவுச்சர் அல்லது காசு, பழுதாய்ப்போன அடுப்புக்கோ குளிர்சாதனப் பெட்டிக்கோ மாற்று என்று கிடைக்கும். வாடகைக்கும் யூனிவர்சல் கிரெடிட்டில் வரும் வாடகைப் பங்குக்கும் நடுவே துண்டு விழுந்தால் அதற்கும் இங்கேதான் கேட்க வேண்டும். இது கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. படிவத்துக்கும் காசு இல்லை. நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவர் எந்தக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வரிக்குறைப்பு உங்கள் உரிமை. தகுதி இருந்தால் தந்தே ஆக வேண்டும். இந்த நிதி அவர்கள் பார்த்துத் தருவது. ஆகவே நீங்கள் எழுதும் நாலு வரிக்கு இங்கே பெறுமதி அதிகம். நம் ஆட்களின் விண்ணப்பங்களை வருடக்கணக்காகப் பார்த்ததில் இரண்டு வகைதான் கண்டேன். ஒன்று, ‘கொஞ்சம் கஷ்டம், சமாளிக்கிறோம்’ என்று கௌரவமாக முடிப்பது. சமாளிப்பவருக்கு அதிகாரி ஏன் தருவார்? மற்றது, போர் முடிந்த 2009இலிருந்து தொடங்கிக் குடும்பத்தின் முழுக் கதையையும் எழுதுவது. அத்தனையும் உண்மைதான், வாசிக்கும்போது கண் கலங்கும். ஆனால் படிவத்தைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது இந்த வாரம். மீட்டரில் மூன்று பவுண்தான் இருக்கிறது, அடுத்த காசு 24ஆம் தேதி, இளையவளுக்கு இழுப்பு, வீடு குளிர்கிறது, இந்தச் சம்மன் நேற்று வந்தது: இப்படித் தேதியும் தொகையுமாக எழுதி, மீட்டரின் படத்தையும் சம்மனின் படத்தையும் இணையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். மூத்த பிள்ளையைப் பேச விடாதீர்கள்.

வங்கிக் கணக்கையும் பார்ப்பார்கள். ஊருக்கு அனுப்பச் சொல்லி யாராவது உங்கள் கணக்கில் காசு போட்டிருந்தால், அதிகாரியின் கண்ணுக்கு அது வருமானம். யாருடைய காசு, எங்கே போனது என்று ஒரு தாளில் விளக்கி வையுங்கள். இனி அந்த உபகாரத்தைச் செய்யாமல் இருப்பதே நல்லது. யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரில் காணி இருந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டுக்குச் சொத்தும் சேமிப்பும் 16,000 பவுணுக்கு மேல் போகக் கூடாது. சில கவுன்சில்கள் தம் வரிக்குறைப்புக்கு அதைவிடக் குறைந்த எல்லை வைத்திருக்கின்றன.

சீட்டுக்கு வருகிறேன். நீங்கள் கோபித்தாலும் சொல்கிறேன்: வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு இவற்றைக் கட்டாவிட்டால் வீடும் வெளிச்சமும் போகும். சீட்டு நின்றால் போவது சீட்டுக்காரியின் முகம். 300 பவுண் சீட்டு கட்டுபவருக்கு எரிவாயு வவுச்சர் எதற்கு என்று அதிகாரி கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. சீட்டு நடத்துபவரிடம் நேரில் போய், உங்கள் பங்கை வேறொருவருக்கு மாற்றிவிட முடியுமா என்று கேளுங்கள். நம்மவர்களிடையே இதற்கு வழிகள் உண்டு, யாரும் முதலில் வாய் திறப்பதில்லை. ஏற்கனவே சீட்டை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அதைக் கடனாகவே கடன் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

நிரந்தர வதிவிட உரிமை உள்ள நீங்களும் கணவரும் தகுதிப்படி வாங்கும் உதவி சிட்டிசன்ஷிப்பைத் தடுக்காது. பொய்த் தகவல் கொடுத்து வாங்கினால்தான் பிரச்சினை. தம்பியின் விசாவில் ‘பொது நிதி இல்லை’ என்ற நிபந்தனை இருக்கும். அவர் விண்ணப்பிக்கக் கூடாது. அவர் உங்களோடு இருக்கிறார் என்பதற்காக உங்கள் விண்ணப்பம் அவரைப் பாதிக்காது. ஆனால் அவர் வீட்டில் இருப்பதை மறைக்காதீர்கள். சம்பாதிக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் ஏதோ தருவார் என்று கணக்கிட்டு வரிக்குறைப்பிலும் யூனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பங்கிலும் வெட்டுவார்கள். எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள், அந்தத் தொகையையாவது மாதம் தவறாமல் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவரின் முதுகு வருத்தத்தால் குளிக்க, உடுக்க, நடக்கச் சிரமம் என்றால் ‘பிப்’ (பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட்) உதவிக்குப் போடுங்கள். அதற்கு வருமானம் பார்ப்பதில்லை. அதில் அன்றாடத் தேவைக்கான பகுதி கிடைத்தால், தம்பிக்காக யூனிவர்சல் கிரெடிட்டில் வெட்டுவது நிற்கும். பல கவுன்சில்களின் வரிக்குறைப்பிலும் அப்படியே.

மறுத்தால் விடாதீர்கள். வரிக்குறைப்பு முடிவு பிழை என்று எழுத்தில் சொன்னால் கவுன்சிலுக்குப் பதில் தர இரண்டு மாதம் இருக்கிறது. அதிலும் திருப்தி இல்லை என்றால் அடுத்த இரண்டு மாதத்துக்குள் வேலுவேஷன் ட்ரிபியூனலுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. அவசர நிதியை மறுத்தால் மறுபரிசீலனை கேளுங்கள்; நிலைமை மாறியிருந்தால் புதிதாகவே விண்ணப்பியுங்கள்.

பிள்ளைகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. பிரைமரி என்றால் லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம், சமையலறையில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவர் செகண்டரி என்றால், யூனிவர்சல் கிரெடிட் எடுக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் 2026 செப்டம்பரிலிருந்து அந்தச் சலுகை உண்டு. பள்ளிக்கூட அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.