பயத்தைக் கர்த்தரிடம் ஒப்படைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பூந்தமல்லிப் பக்கம் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒரே கேள்விதான்: "ஏரி எத்தனை அடி?" செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 இரவு, நிரம்பி நின்ற ஏரியில் பெருமழையும் சேர்ந்துகொள்ள, நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். அந்த இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. 2020 நவம்பர் 25, நிவர் புயல் நெருங்கிய நாளில், நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதுமே மதகைத் திறந்தார்கள். முதலில் 1,000 கன அடிதான்.

பயத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 22 அடி நினைவுக்கு வரும். நம்மில் பலர் பயத்தை விளிம்பு வரை தேக்கிவைத்துவிட்டு, இனி தாங்காது என்ற நிலையில் முழு இரவு ஜெபத்துக்கு ஓடுகிறோம். அன்றன்றைய பயத்தை அன்றன்றைக்கே கர்த்தரிடம் திறந்துவிடப் பழக வேண்டும். அதற்கான வழிதான் கீழே.

படி 1: பயத்துக்குப் பெயர் வையுங்கள்

"மனசே சரியில்ல பாஸ்டர், ஜெபம் பண்ணுங்க" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை. பருத்திப்பட்டில் வாங்கிய ஃப்ளாட்டின் இஎம்ஐ. கடைசி ரயிலில் வரும் மகள். நாளை கையில் கிடைக்கப்போகும் ஸ்கேன் ரிப்போர்ட். எழுதிப் பார்த்தால், "எல்லாமே போச்சு" என்று தோன்றியது பெரும்பாலும் இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். அந்த வரிகள் சிறியவை என்று நான் சொல்லவில்லை. எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

படி 2: பயந்ததற்காகக் குற்றவுணர்வு வேண்டாம்

இந்த இடத்தில்தான் புதிய விசுவாசிகள் அதிகம் காயப்படுகிறார்கள். "விசுவாசம் இருந்தா பயம் வருமா?" என்று சபையில் யாரோ கேட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் தாவீதின் கதையைப் பாதியோடு நிறுத்தியவர்கள். கோலியாத்தை வீழ்த்தியவன், சவுலுக்குத் தப்பி, அதே கோலியாத்தின் ஊரான காத்துக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே ராஜா ஆகீசுக்கு மிகவும் பயந்து பைத்தியக்காரனைப்போல நடிக்கிறான், வாசற்கதவைக் கீறுகிறான், தாடியில் எச்சில் வழிய விடுகிறான். 1 சாமுவேல் 21-ல் இதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். 56-ஆம் சங்கீதத்தின் தலைப்பு, அது பெலிஸ்தர் அவனைக் காத்தில் பிடித்த காலத்தில் பாடியது என்கிறது. அந்தச் சங்கீதத்தில் பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வாய்ச்சொல்லில் வருகின்றன. பயம் தீர்ந்த பிறகுதான் நம்ப வேண்டும் என்று தாவீது காத்திருக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலும், தான் அவர்களிடம் பயத்தோடும் நடுக்கத்தோடும் வந்ததை ஒப்புக்கொள்கிறார். கெத்செமனேயில் இயேசுவே வியாகுலப்பட்டார்.

வேதத்தில் "பயப்படாதே" 365 முறை வருகிறது, நாளுக்கொன்று என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்ப்பதில் அதைவிடப் பெரிய ஆறுதல் இருக்கிறது. ஆகார், கிதியோன், மரியாள், படகில் இருந்த சீஷர்கள் என்று பார்த்தால், எல்லாரும் கலங்கி நின்றவர்கள்.

படி 3: சங்கீதம் 13-ஐ வைத்து ஜெபிக்கப் பழகுங்கள்

ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "இன்னும் எத்தனை நாள்" என்ற புலம்பல், அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. இதே வரிசையில் நீங்களும் பேசுங்கள். முதலில் மனதில் இருப்பதை அப்படியே கொட்டுங்கள். அழகான ஜெப வார்த்தைகள் தேவையில்லை. பிறகு இன்றைக்கு வேண்டியதை மட்டும் கேளுங்கள். பிறகு, முன்பு அவர் நடத்திவந்த ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். பத்து நிமிடம் போதும். ஆவடியிலிருந்து சென்ட்ரல் போக மின்சார ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகிறது. ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாலும் சரி. ஜெபித்து முடித்ததும் மனம் லேசாகாமல் போகலாம். அப்படியானாலும் ஜெபம் வீணாகிவிடவில்லை.

படி 4: வசனத்தைத் தாயத்தாக்காதீர்கள்

புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை பீரோவில் ஒட்டியிருக்கும். இருக்கட்டும். ஆனால் அந்த வசனம் வருகிற அதிகாரம் முழுவதையும் ஒருமுறை படியுங்கள். 91-ஆம் சங்கீதத்தைப் பயந்த வீடுகளில் எல்லாம் வாசிக்கிறோம். அதே சங்கீதத்தைக் காட்டித்தான் பிசாசு இயேசுவைத் தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான் என்கிறது மத்தேயு 4. அவர் குதிக்கவில்லை. கர்த்தரை நம்புவது வேறு, அவரைச் சோதித்துப் பார்ப்பது வேறு.

அதனால் ஜெபித்துவிட்டு ஹெல்மெட்டையும் போடுங்கள். மழைக்கு முன்பே ரேஷன் கார்டு, பத்திரம், மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு பரணில் ஏற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொரட்டூர், ஆவடி வீடுகளுக்குள் புகுந்தபோது இதன் அருமை தெரிந்தது. எருசலேம் மதிலைக் கட்டியபோது நேகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். இரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன.

படி 5: ஒருவரிடமாவது சொல்லுங்கள்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டியதில்லை. வாய் காக்கும் ஒரு அக்காவோ, பாஸ்டர் அம்மாவோ போதும். யாராவது உங்களிடம் சொன்னால், அதை அடுத்த வாரம் "ஜெபக் குறிப்பு" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்கிறேன். ஒருமுறை அப்படி நடந்தால் அவர் மறுபடி யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

படி 6: உடம்பையும் கவனியுங்கள்

யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா, சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டான். தேவன் கண்டிக்கவில்லை, தூங்க விட்டார், தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டு மறுபடி சாப்பிட வைத்தார். ஓரேபில் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் உபவாசம் தொடங்குகிறவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐ ஒருமுறை படிக்க வேண்டும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, வெளியே போகவே முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416, 104 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அழையுங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

படி 7: நோட்டைத் தூக்கி எறியாதீர்கள்

அடுத்த ஐப்பசியில், ஏரி எத்தனை அடி என்ற பேச்சு மறுபடி தொடங்கும்போது, அந்த நோட்டைத் திறங்கள். சில வரிகளுக்கு எதிரே "நடக்கவில்லை" என்று எழுதுவீர்கள். சிலவற்றுக்கு எதிரே "நடந்தது" என்று எழுத வேண்டிவரும். அந்த நாட்களில் யார் சாப்பாடு கொண்டுவந்தார்கள், யார் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், எப்படிக் கடந்து வந்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இன்னும் பதில் வராத வரிகளைக் காலியாக விடுங்கள். அன்று சாயங்கால ஜெபத்தை அந்தக் காலி வரிகளிலிருந்து தொடங்கலாம்.