செல்லின் எலும்புக்கூட்டைக் கட்டுவது யார்?

கேள்வி: உடலுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு செல்லுக்கும் எலும்புக்கூடு உண்டாமே? அதைக் கட்டுவது யார்?

பதில்: கொத்தனாரும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. புரதங்களே ஒன்றோடொன்று சேர்ந்து கட்டிக்கொள்கின்றன. இந்தச் சட்டகத்தில் மூன்று வகை இழைகள்: சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின், 10 நானோமீட்டர் அளவிலான இடைநிலை இழைகள், 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள்.

நுண்குழலை எடுத்துக்கொள்வோம். ஆல்ஃபா, பீட்டா என்ற இரு டியூபுலின் புரதங்கள் ஜோடி சேரும். ஜோடிகள் வரிசையாக நீளும். பெரும்பாலும் 13 வரிசைகள் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழலாகும். குவனோசின் ட்ரைபாஸ்பேட் என்ற மூலக்கூறைச் சுமந்த ஜோடிகள் நுனியில் இருக்கும்வரை குழல் வளரும். நுனியில் அந்த மூலக்கூறு சிதைந்து தீர்ந்துவிட்டால், குழல் மளமளவென்று உதிரும். இந்த நிலையாமையை 1984-ல் விஞ்ஞானிகள் மிச்சிசனும் கிர்ஷ்னரும் விளக்கினார்கள்.

உதிர்ந்த டியூபுலின் வீணாவதில்லை. செல் பிரியும் நேரத்தில் பழைய குழல்கள் கலைந்து, குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர் அமைப்பு அதே சரக்கில் உருவாகிறது.

நம் செங்காந்தள் செடியில் உள்ள கொல்சிசின் என்ற நச்சுப்பொருள், டியூபுலினைப் பற்றிக்கொண்டு குழல் உருவாவதைத் தடுக்கிறது. அந்தச் செடியின் கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் அளவறிந்து தரும்போது, கவுட் மூட்டுவலிக்கு கொல்சிசின் மருந்தாகவும் பயன்படுகிறது.